ஆய்வாளரும் சம்பந்தியும் சேர்ந்து வந்த வியாழக்கிழமை

மச்சான்,

இன்று காலை மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் போகிற சந்தில், வேப்பமரத்தடி இஸ்திரி வண்டிக்காரர் ஈரம் தெளித்த சட்டையின்மேல் கரிப்பெட்டியை வைத்தார். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எழுபத்து மூன்று வயதுக் கிழவன் நடுத்தெருவில் கம்பம் நட்ட மாதிரி நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஸ்கூட்டர்காரன், "இன்னா பெர்சு, வூட்ல சொல்லிக்கினு வந்தியா?" என்று கேட்டுவிட்டுப் போனான். வீட்டில் சொல்லிக்கொண்டுதான் வந்திருந்தேன். கத்திரிக்காய் வாங்கி வருவதாக. வாங்காமலேயே திரும்பிவிட்டேன்.

உனக்கு இப்படியொரு மடல் எழுதவேண்டும் என்று நீ போன நாளிலிருந்தே நினைப்பு. எழுதினால் பொய் வந்துவிடுமோ என்று பயம். என் பிழைப்பு அப்படி. மயிலாப்பூர் அச்சகத்தில் முப்பது வருஷம் கல்யாண வாழ்த்து மடல் எழுதிய கை இது. எட்டாம் வகுப்பைத் தாண்டாத மாப்பிள்ளை என் பேனாவில் கல்விக்கடல் ஆவான். பல்லி விழுந்தால் அலறுகிற பெண் வீரத்தின் விளைநிலம் ஆவாள். கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுகிறவர்களுக்கு உண்மையா வேண்டும்? உன் கல்யாணத்துக்கும் நான்தான் எழுதினேன். என் தங்கையைக் கட்டிக்கொள்ளப்போகிற என் சிநேகிதன் என்பதால் தாராளமாக அள்ளி விட்டேன். நீ அதை வாசித்துவிட்டு, "மச்சான், இது யாரோட கல்யாணம்?" என்று கேட்டாய்.

உன்னைப் பற்றி ஊரில் நான் சொல்லித் திரிந்ததில் மட்டும் பொய் குறைவு. பாண்டி பஜாருக்குப் பின்னால் அந்த லாண்டரியில் நீ தேய்த்த வேட்டியின் மடிப்பில் தக்காளி நறுக்கலாம் என்றேன். விசிறிவிட்டால் எதிரே நிற்கிறவனுக்குச் சவரம் ஆகிவிடும் என்றேன். சுருக்கம் என்றால் உனக்கு ஆகாது. பேருந்தில் முன்னால் நிற்கிற முன்பின் தெரியாத ஆளின் காலரை நீவிவிட்டு அடி வாங்கப் பார்த்தவன் நீ.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வீடு அது. கால்வாய்ப் பக்கம், இரண்டு அறை, மேலே நாட்டு ஓடு. உன் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து. பத்திரம் சுத்தம், கூரைதான் அசுத்தம். மழை வந்தால் வெளியே நனைவதைவிட உள்ளே அதிகம் நனையலாம். பெருங்குடிச் சதுப்பில் இருக்கிற நாரைகள் உன் சமையலறைக்குக் குடிவர மனுப் போட்டிருப்பதாக நான் சொல்வேன். நீ சிரிப்பாய். என் தங்கை சிரிக்கமாட்டாள். பாத்திரங்களை எங்கெங்கே வைக்கவேண்டும் என்று அவளுக்குத்தான் மனப்பாடம்.

தொண்ணூறுகளின் நடுவில், செல்விக்கு ஆறாம் மாதம் நடந்தபோது உன் சிரிப்பும் நின்றது. உன் ஒரே பெண். நங்கநல்லூரில் கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். பிரசவம் ஐப்பசியில். உன் சம்பந்தி, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூட்டத்தில் செல்லாத நோட்டைக் கையால் தொட்டே கண்டுபிடித்த மனிதர். ஒரு நாள் பேச்சுவாக்கில், "அடமழையில அந்த ஓட்டு வூட்ல வச்சி எப்டி சம்பந்தி பாத்துக்குவீங்க? பேசாம இங்கியே இருக்கட்டுமே" என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார். உனக்கு அது நெஞ்சில் இஸ்திரிப் பெட்டியை வைத்த மாதிரி இருந்தது. "பொண்ண பெத்தவன் வூட்ல தலப்பிரசவத்துக்கு எடம் இல்லன்னு ஆயிடும் மச்சான்" என்றாய். 

அப்போதுதான் அந்தக் கடன் வந்தது. குறைந்த வருமானக்காரர்கள் சொந்த வீட்டைப் பழுதுபார்த்துக்கொள்ள மாநகராட்சியிலேயே கடன் கொடுக்கிறார்கள், வட்டி சொற்பம், மாதாமாதம் கட்டலாம் என்று வார்டு ஆபீசில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மனு கொடுக்கவேண்டும். ஆய்வாளர் வந்து பழுதைக் கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டு போவார். பிறகு பணம்.

மனுவை எழுதும் பெரும்பொறுப்பை நான் ஏற்றேன். நீ கூரைமேல் ஏறி எண்ணிச் சொன்னாய்: உடைந்த ஓடு பத்தொன்பது, கரையான் அரித்த உத்திரம் ஒன்று. நான் கீழே உட்கார்ந்து எழுதினேன். "வருணபகவான் அனுமதி கேளாமல் வந்து போகும் இவ்வில்லத்தில்" என்று தொடங்கினேன். பத்தொன்பது உனக்குக் குறைவாகப் படவில்லையா, எழுபது என்று போடட்டுமா என்று கேட்டேன். "இருக்கறத எழுது மச்சான். பொய் சொல்லி வாங்கற கடன் எனுக்கு வேணாம்" என்றாய். அதனால் அலங்காரம் என்னுடையது, கணக்கு உன்னுடையது என்று உடன்படிக்கை ஆயிற்று. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் விஷயம் முழுக்க உண்மையாக இருந்தது அந்த ஒரு மனுதான்.

ஆய்வாளர் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார் என்று தகவல் வந்தது.

இனி நான் செய்ததை எழுதவேண்டும். இத்தனை வருஷமும் சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடம் இது.

வளைகாப்புக்கு நாள் கேட்க நான் நங்கநல்லூர் போயிருந்தேன். சம்பந்தி டீ வாங்கிக்கொடுத்தார். டீ உள்ளே போனால் எனக்கு வாய் நிற்காது என்று உனக்குத் தெரியும். "வியாழக்கிழம கவர்ன்மெண்டே எங்க மச்சான் வூட்டுக்கு வருது சம்பந்தி! ஆபீசரு நேர்ல வந்து, எவ்ளோ கடன் ஓணும், வூட்ட மாடி கட்டி எழுப்பறீங்களான்னு கேக்கப் போறாரு!" என்றேன். பழுது, ஓட்டை என்ற சொற்கள் என் வாயில் வரவே இல்லை. பெண் கொடுத்த இடத்தில் அந்தச் சொற்களைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பவில்லை. அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்டியா? நானும் வரேன். வூட்டையும் ஒரு பார்வ பாத்த மாதிரி இருக்கும். எத்தன மணிக்கு?"

பத்து மணி என்று சொல்ல முடியுமா? "நாலு மணிக்கு" என்றேன்.

திரும்பி வந்து உன்னிடம் சொன்னபோது நீ கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாய். பிறகு, "உன் வாய்க்கு ஒரு பொத்தான் வச்சித் தெக்கறேன் மச்சான்" என்றாய். என் தங்கை, "அண்ணே, ஆபீசருக்கு ஓட்டயக் காட்டணும், சம்பந்திக்கு ஓட்டய மறைக்கணும். ஒரே நாள்ல ரெண்டும் எப்டிண்ணே?" என்று கேட்டாள். நாடகக் கம்பெனியில் காட்சி மாற்றுவதில்லையா என்றேன். காலையில் பாழடைந்த மண்டபம். மாலையில் அரண்மனை. நடுவில் ஆறு மணிநேரம் இருக்கிறது. என்னை எல்லோரும் நம்பினீர்கள். அதுதான் உங்கள் குடும்பத்தின் கோளாறு.

அரண்மனைக்கான ஏற்பாட்டை நீ செய்தாய். உன் ஐந்து வெள்ளை வேட்டிகளையும் அலசி, கஞ்சி போட்டு, தேய்த்து வைத்தாய். அதில் ஒன்று கல்யாண வேட்டி. லாண்டரியில் கேட்டால் நூறு துணி கிடைத்திருக்கும். அடுத்தவன் துணியைத் தொடமாட்டேன் என்றாய். அந்த ஐந்தையும் ஓட்டுக்குக் கீழே இழுத்துக் கட்டினால் ஓட்டையும் தெரியாது, உத்திரமும் தெரியாது. சுவர் விரிசலுக்குக் காலண்டர்கள். ஒரு பெரிய விரிசலுக்கு நான் எழுதிய வாழ்த்து மடல்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு நீ லீவு போட்டுவிட்டு வாசலில் நின்றாய். உள்ளே வெளிச்சம் ஓட்டைகள் வழியாகத் தரையில் வட்டம் வட்டமாக விழுந்திருந்தது. ஆய்வாளர் பார்த்தால் பேச்சே வேண்டாம், அப்படிப்பட்ட காட்சி. அவர் வரவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. நான் வார்டு ஆபீசுக்கு ஓடினேன். "கெளம்பிட்டாரு, வழியில வேற வூடு பாத்துக்கினு கீறாரு" என்றார் அங்கிருந்த ஒருவர். இரண்டு மணி. மூன்று மணி.

"இனிமே அவுரு வரமாட்டாரு மச்சான். நாளைக்கு வருவாரு" என்றேன்.

"வந்துட்டா?"

"வரமாட்டாரு. எழுதித் தரேன்."

கட்டினோம். மச்சான், நான் நாலாயிரம் கல்யாண மண்டபம் பார்த்திருக்கிறேன். (சரி, நானூறு.) அந்த மாதிரி ஒரு விதானம் கண்டதில்லை. ஒரு சுருக்கம் இல்லை. உள்ளே ஒரு வெள்ளை வெளிச்சம். என் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு மேலே பார்த்தாள். தன் வீட்டை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை.

சம்பந்தி சரியாக நாலு மணிக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மேலே பார்த்தார், சுவரைப் பார்த்தார், என் மடலின் முதல் நாலு வரியைச் சத்தமாகப் படித்தார். முகம் இளகியது. தங்கை காபி கொண்டுவந்து நீட்டினாள். வாசலில் மொபெட் நிற்கிற சத்தம் கேட்டது.

ஆய்வாளர் கெட்டவர் இல்லை. காலையிலிருந்து சாப்பிடாத முகம். கையில் என் மனு. செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். உள்ளே வந்ததும் அண்ணாந்து பார்த்து, மனுவைப் பார்த்து, மறுபடியும் அண்ணாந்து பார்த்தார்.

"வீட்ல ஏதாவது விசேஷமா?"

"பொண்ணு வரப்போவுது சார். அதுக்காக…" என்று நீ இழுத்தாய்.

"ஓடு பத்தொன்பது ஒடஞ்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. உத்திரம் போயிடுச்சின்னு எழுதியிருக்கீங்க. துணிய ஒரு பக்கம் அவுத்துக் காட்டுங்க, பாத்துட்டுப் போயிடறேன்."

சம்பந்தி காபி டம்ளரை வாய்க்கருகில் பிடித்தபடி உன்னைப் பார்த்தார். நீ கயிற்றின் முடிச்சைப் பார்த்தாய். இரண்டு எட்டு வைத்தால் எட்டிவிடும். நீ அசையவில்லை.

"அவ்ளோலாம் ஒண்ணும் இல்ல சார். எதோ கொஞ்சம். நானே பாத்துக்குவேன்."

"சார், நீங்க கேட்டதாலதான் நான் வந்திருக்கேன்."

"இல்ல சார். வேணாம்."

அவருக்கு ஏதோ புரிந்திருக்கவேண்டும். சம்பந்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மனு எழுதினது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. ஒழுகுதா, இல்லையா? நான் எழுதிட்டேன்னா அப்புறம் மாத்த முடியாது."

ஒரு சொல் போதும். "ஒழுகுது" என்றால் அடுத்த மாதம் கூரைக்குப் பணம். அதே சொல்லில் சம்பந்தி முன்னால் நீ ஓட்டாண்டி. அந்த ஒரு நொடியில் நீ என்னைப் பார்த்தாய். கெஞ்சவில்லை, மிரட்டவில்லை. கண்ணைத் தாழ்த்திக்கொள்ளக்கூட இல்லை. என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"அது என் பழக்கம் சார். எதையும் கொஞ்சம் கூட்டி எழுதிடுவேன்" என்றேன்.

வாழ்நாளெல்லாம் பொய்யை உண்மை என்று விற்றவன், உண்மையைப் பொய் என்று ஒப்புக்கொண்டேன். ஆய்வாளர் பெருமூச்சு விட்டு, "உடனடிப் பழுது எதுவும் காணப்படவில்லை" என்று எழுதினார். நீ கையெழுத்துப் போட்டாய். சட்டை மடிப்பு மாதிரி நேரான கையெழுத்து. அவர் காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சம்பந்தி எழுந்து உன் கையைப் பிடித்தார். "வூடு கண்ணுக்குக் குளிர்ச்சியா கீது சம்பந்தி. நான்தான் தெரியாம பேசிட்டேன். வளகாப்பு முடிஞ்ச கையோட புள்ளய இட்டுக்கினு வந்துடுங்க."

அன்று நீ சந்தோஷமாக இருந்தாய் என்பதை மறைக்க எனக்கு மனமில்லை. எல்லோருக்கும் சேமியாப் பாயசம் கிண்டச் சொன்னாய். நாமே ஓட்டை மாற்றிக்கொள்வோம், ஒவ்வொன்றாக, என்றாய். ஆறு ஓடு மாற்றினாய். உத்திரத்துக்கு வழி இல்லை.

செல்வி வந்தாள். ஐப்பசியில் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்கள். ஏழாம் நாள் தொடங்கியது மழை. அந்த மழையை நான் கூட்டிச் சொல்லப்போவதில்லை. இரண்டு நாள் விடவில்லை, அவ்வளவுதான். உன் விதானம் தண்ணீர் தாங்கித் தொங்கிற்று. ஒவ்வொரு வேட்டியாக அவிழ்த்தோம். என் தங்கை தூளியைச் சமையலறைக்கு மாற்றினாள், அங்கிருந்து வாசலறைக்கு, மறுபடி சமையலறைக்கு. பச்சை உடம்போடு செல்வி குடையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குள் குடை. ஒன்பதாம் நாள் மத்தியானம் உத்திரம் ஒருமுறை முனகியது. நாம் எல்லோருமே அதைக் கேட்டோம்.

நீ தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாய். நான் ஏணியைப் பிடித்தேன். இந்த மழையில் வேண்டாம் என்று நான் சொன்னேனா, சொல்லவில்லையா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொல்லவில்லை. குழந்தை உள்ளே இருந்தது. பாயின் மூன்று மூலையைக் கட்டிவிட்டாய். நாலாவதுக்கு நகர்ந்தபோது காலடி ஓடு சரிந்தது.

வலது கை. முழங்கையிலும் மணிக்கட்டிலும் முறிவு. கட்டுப் போட்டார்கள், பிரித்தார்கள், மறுபடி போட்டார்கள். எட்டு கிலோ பெட்டியைத் தூக்குகிற கை அதற்குப் பிறகு காபி டம்ளரைத் தூக்கவே யோசித்தது. லாண்டரி முதலாளி நல்ல மனிதர், உன்னைக் கல்லாப் பக்கத்தில் துணிக்குச் சீட்டுக் கட்ட உட்கார்த்தினார். இடது கையால் கட்டினாய்.

நீ விழுந்த அன்று சாயங்காலமே சம்பந்தி ஆட்டோவில் வந்தார். முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். இப்போது மேலே வானம் தெரிந்தது. திட்டுவார் என்று நான் காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "சொல்லியிருந்தா எங்க வூட்லியே வச்சிக்கினு இருப்போமே சம்பந்தி. இதுல இன்னா கீது?" என்றார். அவ்வளவுதான். பேத்தியைத் துண்டில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு செல்வியை ஆட்டோவில் ஏற்றினார். நீ ஆஸ்பத்திரியில் இருந்தாய். அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

அடுத்த வருஷம் வார்டு ஆபீசில் மறுபடியும் கடன் மனு வாங்கினார்கள். நான் ஒரு விண்ணப்பத்தோடு வந்தேன், இந்தத் தடவை அலங்காரம் இல்லாமல் எழுதுகிறேன் என்றேன். "நல்ல வூடுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தவன் மச்சான் நானு. எந்த மூஞ்ச வச்சிக்கினு போய் நிக்கறது?" என்றாய். தங்கையின் வளையல் போய் உத்திரம் வந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சொட்டு விழவில்லை. செல்வியின் இரண்டாவது பிரசவம் நங்கநல்லூரிலேயே நடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை.

இருபது வருஷத்துக்குமேல் நாம் தினம் பார்த்துக்கொண்டோம். சினிமா பேசினோம், அரசியல் பேசினோம், ஊரில் உள்ள அத்தனை பேரையும் கிண்டல் செய்தோம். அந்த வியாழக்கிழமையை நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. நீ என்மேல் கோபமாக இருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். சம்பந்தியிடம் வாயைக் கொடுத்தது நான். வேட்டியைக் கட்டச் சொன்னது நான். கடைசியில், சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விட்டதும் நான்தான். ஒரு நாள் நீ வெடிப்பாய், நான் வாங்கிக்கொள்வேன் என்று இருந்தேன். அதற்குள் போய்விட்டாய்.

உன் காரியம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு செல்வி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "மாமா, ஒண்ணு கேக்கணும். அப்பா உன்னப் பத்தி ஒண்ணு சொல்லிக்கினே இருப்பாரு. 'உங்க மாமன் எத சொன்னாலும் ஒண்ண நூறாக்கித்தான் சொல்லுவான். எனக்காவ ஒரே ஒரு நாளு நூற ஒண்ணாக்கிச் சொன்னான். அந்த மாதிரி ஒருத்தன் எனுக்குக் கெடைக்கமாட்டான்'னுவாரு. இன்னா நாளுன்னு கேட்டா சொல்லமாட்டாரு, சிரிப்பாரு. அப்டி இன்னா மாமா செஞ்ச அவுருக்கு?"

அவளுக்குத் தெரியாது. ஆய்வாளர் வந்ததோ, நான் என்ன சொன்னேன் என்பதோ அவளுக்குத் தெரியாது. கட்டிலில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் அந்தக் கூரை ஏன் அப்படி இருந்தது என்று யாரும் சொல்லவில்லை.

"எதோ ஒரு தபா கொஞ்சம் வாய அடக்கினேன்" என்றேன். அவள் சிரித்தாள். உன் சிரிப்பு.

நீ கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், மச்சான். நன்றியை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன் கை போனதற்கு நீ எனக்கு நன்றி சொல்லியிருக்கிறாய்.

செல்வி இப்போது பெருங்குடியில் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் போகிறேன். அன்று தூளியில் கிடந்தவள் வேலைக்குப் போகிறாள், என்னைக் கண்டால், "தாத்தா, ஒரு புளுகு விடு" என்பாள். விடுகிறேன். போன வாரம் ஒரு யானையை மொபெட்டில் ஏற்றினேன். வீடே சிரித்தது. செல்வி மட்டும் சிரித்து முடித்த பிறகும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், மறுபடியும் அந்தக் கேள்வியைக் கேட்கப்போகிறவள் மாதிரி. எனக்கு உண்மையைச் சொல்லத் தோன்றியது. சொன்னால் உன் அந்த ஒரு வாக்கியம் அவளுக்கு வேறு மாதிரி ஆகிவிடும். சொல்லாவிட்டால் அது எனக்குச் சேராத பட்டமாகவே என்னிடம் இருக்கும்.

அவள் கேட்கவில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் காபி தரட்டுமா மாமா?" என்றாள். தா என்றேன்.